சிவப்பு சிக்னலைத் தாண்டிய பிறகு: சித்தேரி விபத்தும் ரயில் பாதுகாப்பின் வரலாறும்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகப் பேச்சைச் சற்றுத் திருத்தியிருக்கிறோம்.)

மார்த்தாண்டத்திலிருந்து பேசுறேன். இன்னைக்கு எபிசோடு கொஞ்சம் கனமானது. ரயில் விபத்துகளைப் பத்தி. குறிப்பா, ரயிலும் ரயிலும் மோதிக்கொண்ட விபத்துகள். அந்தக் கதைகளை வரிசையாச் சொல்லிட்டுப் போறது என் நோக்கமில்லை. ஒவ்வொரு விபத்துக்கு அப்புறமும் நாம என்ன கேள்வி கேட்டோம், அந்தக் கேள்வி அடுத்த விபத்தைத் தடுத்துச்சா, இல்லையா? அதைத்தான் பார்க்கப்போறோம்.

முதல்ல ஒரு ராத்திரி.

2011 செப்டம்பர் 13, செவ்வாய்க்கிழமை. அரக்கோணத்துக்கும் காட்பாடிக்கும் நடுவில் சித்தேரி என்று ஒரு சின்ன ஸ்டேஷன். அங்கே அரக்கோணம்–காட்பாடி பாசஞ்சர் சிக்னலுக்காக நின்றுகொண்டிருந்தது. அதே தண்டவாளத்தில் பின்னால் சென்னை கடற்கரையிலிருந்து வேலூர் கண்டோன்மென்ட் போகும் மெமு ரயில் வந்தது. இரவு ஒன்பதரை மணி வாக்கில், நின்ற ரயிலின் பின்பக்கத்தில் மெமு மோதியது. 10 பேர் இறந்தார்கள். ஏராளமானவர்களுக்குக் காயம்.

மெமுன்னா யார் ஏறுவாங்கன்னு உங்களுக்குத் தெரியும். சீசன் டிக்கெட் வச்சிருக்கிறவங்க, சாயங்காலம் வேலை முடிச்சு வர்றவங்க, கூடையோட ஏறுற வியாபாரிகள். ரிசர்வேஷன் கிடையாது, சார்ட் கிடையாது. விபத்து நடந்தா உள்ளே யார் இருந்தாங்கன்னு சொல்ல ஒரு பட்டியல்கூட இருக்காது.

முதல்கட்ட விசாரணையில் வந்த பதில் சுருக்கமானது. மெமுவின் டிரைவர் சிவப்பு சிக்னலைத் தாண்டிவிட்டார். மனிதத் தவறு. பேப்பர்ல படிச்ச பெரும்பாலானவங்களுக்கு விஷயம் அதோட முடிஞ்சிடுச்சு.

நான் சாஃப்ட்வேர் ஆளு. எங்க தொழில்ல ஒரு பழக்கம் உண்டு. ராத்திரி ஒரு சர்வர் விழுந்தா மறுநாள் உட்கார்ந்து பேசுவோம். ‘யார் பண்ணினது?’ன்னு மட்டும் கேட்டா மீட்டிங் பத்து நிமிஷத்துல முடிஞ்சிடும், மூணு மாசத்துல அதே சர்வர் மறுபடியும் விழும். ‘ஒரு ஆள் ஒரு நிமிஷம் கவனம் தப்பினா முழு சிஸ்டமும் விழுற மாதிரி ஏன் வச்சிருந்தோம்?’னு கேட்டாத்தான் வேலைக்கு ஆகும். இந்தப் பழக்கம் எங்க கண்டுபிடிப்பு இல்லை. விமானம், ரயில் மாதிரியான துறைகள் ரத்தம் சிந்திக் கத்துக்கிட்ட பாடம் அது.

கிராசிங் என்ற பூட்டு

ரயில் மோதாம இருக்க அடிப்படை விதி ஒண்ணே ஒண்ணுதான். தண்டவாளத்தைத் துண்டு துண்டாப் பிரிச்சுக்கோ. ஒரு துண்டுல ஒரு நேரத்துல ஒரு ரயில். அந்த ரயில் வெளியே வந்தாச்சுன்னு உறுதியாத் தெரியிற வரைக்கும் அடுத்ததை உள்ளே விடாதே.

இது நம்ம ஊர்க்காரங்களுக்கு அனுபவத்துல தெரிஞ்ச விஷயம். மார்த்தாண்டத்துக்கு ஸ்டேஷன் குழித்துறை. திருவனந்தபுரம்–நாகர்கோவில்–கன்னியாகுமரி பாதை 1979 ஏப்ரலில் திறக்கப்பட்டது. திறந்தபோது ஒற்றைத் தண்டவாளம். இரட்டைப் பாதை வேலை பல வருஷமா நடந்துக்கிட்டு வருது. காலையில திருவனந்தபுரத்துக்கு வேலைக்கோ, காலேஜுக்கோ, மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கோ போற யாரை வேணும்னாலும் கேளுங்க, ‘கிராசிங்’னா என்னன்னு சொல்லுவாங்க. பாறசாலையிலயோ இரணியல்லயோ வண்டி சும்மா நிக்கும். எதிர்ல ஒரு எக்ஸ்பிரஸ் வந்து கடந்து போற வரைக்கும் நகராது. ஆபீஸ்ல லேட் மார்க் விழும். எரிச்சல் வரும்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சவங்களுக்கு இது பழகின சங்கதி. ஒரே டேட்டாவை ரெண்டு ப்ராசஸ் ஒரே நேரத்துல தொட்டா குளறுபடி ஆகும். அதனால ஒரு ‘லாக்’ வைப்போம். லாக் கையில இருக்கிறவன் மட்டும் உள்ளே போகலாம். மத்தவன் காத்திருக்கணும். ரயில்வே இந்த லாக்கை கம்ப்யூட்டர் வர்றதுக்கு ரொம்ப காலம் முன்னாடியே கண்டுபிடிச்சிடுச்சு. அதுவும் கையில பிடிக்கிற பொருளாவே!

நம்ம நாட்டு ஒற்றைத் தடங்கள்ல பழைய ஆட்கள் பார்த்திருப்பாங்க. ஸ்டேஷன் பிளாட்பாரத்துல ஒருத்தர் பெரிய பிரம்பு வளையத்தைத் தூக்கிப் பிடிச்சு நிப்பார். ஓடுற இன்ஜின்ல இருந்து கையை நீட்டி அதை வாங்கிக்குவாங்க. அந்த வளையத்துல ஒரு தோல் பை தொங்கும். பைக்குள்ள ஒரு உலோக உருண்டை. அதுதான் டோக்கன். ரெண்டு ஸ்டேஷன்லயும் ஒரு ஜோடிப் பெட்டி இருக்கும், மின்சாரத்தால இணைச்சிருப்பாங்க. ஒரு பக்கம் ஒரு உருண்டை வெளியே எடுத்தாச்சுன்னா, அதை ஏதாவது ஒரு பெட்டிக்குள்ள திரும்பப் போடுற வரைக்கும் ரெண்டு பெட்டியுமே இன்னொரு உருண்டையைத் தராது. உருண்டை கையில இல்லாத டிரைவர் அந்தத் துண்டுக்குள்ள போகக்கூடாது.

சட்டம் வந்த வழி

இந்த விதி இன்னைக்குப் பார்க்கும்போது சின்னக் குழந்தைக்கும் புரியிற மாதிரி இருக்கு. ஆனா இதைச் சட்டமாக்க ஒரு பெரிய விபத்து வேண்டியிருந்தது.

ரயில் வந்த ஆரம்ப காலத்தில் பல இடங்களில் தூரத்தை வைத்து அல்ல, நேரத்தை வைத்துத்தான் ரயில்களைப் பிரித்தார்கள். முன்னால் போன ரயில் கிளம்பி இத்தனை நிமிடம் ஆகிவிட்டதா, அடுத்ததை அனுப்பு. முன்னால் போன ரயில் வழியில் நின்றுவிட்டால்? அதற்கு அந்த முறையில் பதில் இல்லை.

1889 ஜூன் 12. அயர்லாந்தின் ஆர்மா என்ற ஊர். ஞாயிறு பள்ளிக் குழந்தைகளைச் சுற்றுலா அழைத்துப்போன ரயில் மேட்டில் ஏற முடியாமல் நின்றது. ஒரு பகுதிப் பெட்டிகளைக் கழற்றிவிட்டு மீதியை இழுத்துப்போகப் பார்த்தார்கள். கழற்றிய பெட்டிகளுக்குத் தானாகப் பிடிக்கும் பிரேக் இல்லை. அவை பின்னோக்கி உருண்டன. நேர இடைவெளி விட்டு அனுப்பப்பட்ட அடுத்த ரயில் அதே பாதையில் ஏறி வந்துகொண்டிருந்தது. 80 பேர் இறந்தார்கள். நிறையப் பேர் குழந்தைகள்.

அதே வருடம் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. தடத்தைத் துண்டாகப் பிரிக்கும் முறை கட்டாயம். சிக்னலும் தண்டவாளப் பாயிண்டும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ள வேண்டும். பயணிகள் ரயிலின் எல்லாப் பெட்டிகளுக்கும் தொடர் பிரேக் வேண்டும், அது தானாகப் பிடிக்க வேண்டும். இந்த மூன்று தொழில்நுட்பமும் விபத்துக்கு முன்பே இருந்தன. செலவு என்று கம்பெனிகள் தள்ளிப்போட்டிருந்தன. இதை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

சரி, டோக்கன் வந்தாச்சு, லாக் வந்தாச்சு, பிரச்சினை தீர்ந்துச்சான்னா, இல்லை.

1921 ஜனவரி 26, வேல்ஸ் நாட்டில் ஆபர்மியூல் ஸ்டேஷன். ஒற்றைத் தடம், டோக்கன் முறை. ஒரு லோக்கல் ரயில் வந்து நின்றது. அது கடந்து வந்த பகுதியின் டோக்கனை டிரைவர் கொடுத்தார். ஸ்டேஷனில் டோக்கன் கைமாறிக் கைமாறிப் போனது; ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்திருப்பார் என்று நினைத்தார்கள். கடைசியில் டிரைவர் கொடுத்த அதே பழைய டோக்கனே அவர் கையில் திரும்ப வந்தது. அவரும் அதில் எழுதியிருந்த ஊர்ப்பெயரைப் படிக்கவில்லை. எதிரில் சரியான டோக்கனோடு ஒரு எக்ஸ்பிரஸ் வந்துகொண்டிருந்தது. நேருக்கு நேர் மோதல். 17 பேர் இறந்தார்கள்.

கவனிச்சுப் பாருங்க. கருவி சரியாத்தான் வேலை செஞ்சது. எதிர்ப்பக்க ரயிலுக்கு ஒரு டோக்கன் போனதால, இந்தப் பக்கம் பெட்டி இன்னொரு டோக்கனைத் தரலை. ஆனா ‘இது சரியான டோக்கன்தானா?’ன்னு பார்க்கிற வேலை மனுஷக் கண்ணுகிட்ட விடப்பட்டிருந்தது. ‘டிரைவர் படிச்சிருக்கணும்’னு சொல்லி நிறுத்தியிருக்கலாம். அப்படி நிறுத்தாத இடங்கள்ல, டோக்கன் பெட்டியையும் ஸ்டேஷனை விட்டுக் கிளப்புற சிக்னலையும் ஒண்ணா இணைச்சாங்க. அந்தப் பகுதிக்கான டோக்கன் வெளியே வந்தாத்தான் சிக்னல் விழும். ஒருத்தர் மறந்தாலும் இன்னொரு பூட்டு தடுக்கும்.

ஒரு ஒயர், 13 வாரம்

அடுத்து நாம பார்க்கப்போறது ஒரு நகரத்துக் காலை நேரம். 1988 டிசம்பர் 12, லண்டன். கிளாப்பம் ஜங்ஷன் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் நிறைந்த ஒரு ரயில் ஓடிக்கொண்டிருந்தது. டிரைவரின் கண் முன்னாலேயே சிக்னல் திடீரென்று மாறியது. இது சரியில்லையே என்று அவர் ரயிலை நிறுத்தி, விதிப்படி சிக்னல் அறைக்குப் போன் பண்ண இறங்கினார். அவர் ரயில் நிற்கும்போது அதற்குப் பின்னால் இருந்த சிக்னல் சிவப்பாக இருந்திருக்க வேண்டும். இல்லை. பின்னால் வந்த ரயிலின் டிரைவர் ஒரு சிவப்பையும் தாண்டவில்லை. வளைவு திரும்பியதும் நின்ற ரயிலில் போய் மோதினார். 35 பேர் இறந்தார்கள்.

காரணம் ஒரு ஒயர். சிக்னலைப் புதுப்பிக்கும் வேலையில் பழைய ஒயரைக் கழற்றிய டெக்னீஷியன் அதை வெட்டி ஒதுக்கிக் கட்டவில்லை. அது திரும்பவும் பழைய இடத்தைத் தொட்டுவிட்டது. தடத்தில் ரயில் நிற்பது சிக்னலுக்குத் தெரியாமல் போனது.

இதுலயும் ‘டெக்னீஷியன் தப்பு’ன்னு ஒரு வரியில முடிச்சிருக்கலாம். ஆன்டனி ஹிடன் என்ற வழக்கறிஞர் தலைமையில் நடந்த விசாரணை அப்படி முடிக்கவில்லை. அந்த டெக்னீஷியன் 13 வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் லீவு எடுத்திருந்தார் என்று கண்டுபிடித்தது. அவர் ஒயர் கட்டும் முறை பல வருடங்களாகவே தவறாக இருந்தும் யாரும் திருத்தவில்லை. வேலை முடிந்ததும் இன்னொருவர் தனியாக ஒயர்களை எண்ணிப் பார்க்க வேண்டிய சோதனை நடக்கவில்லை என்றும் கண்டுபிடித்தது. அதற்கப்புறம் பிரிட்டனில் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட வேலை பார்ப்பவர்களின் வேலை நேரத்துக்கே வரம்பு வந்தது. ‘யார்?’னு கேட்டிருந்தா ஒரு ஆள் வேலை போயிருக்கும். ‘எப்படி?’ன்னு கேட்டதால ஒரு முறை மாறிச்சு.

நம்ம நாட்டில் யார் விசாரிக்கிறாங்க?

இதுல இந்தியாவுக்குன்னு ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. பெரிய விபத்துகளை விசாரிக்கும் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் வருவதில்லை. 1941ல் இந்த விசாரணைப் பிரிவை ரயில்வே போர்டிலிருந்து பிரித்தார்கள். இன்று அது விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. ரயில் விபத்தை விமான அமைச்சகமா விசாரிக்குதுன்னு சிலர் சிரிப்பாங்க. அதுக்குக் காரணம் இருக்கு. ரயிலை ஓட்டுறவங்களே தங்களை விசாரிச்சுக்கக் கூடாதுங்கிறதுதான் அது.

ஆனா நம்ம பொது நினைவில் நிற்பது விசாரணை அறிக்கைகள் அல்ல. 1956 நவம்பர் 23 அன்று அரியலூர் பக்கத்தில் மருதையாற்று வெள்ளத்தில் பாலம் போய், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. 140 பேருக்கு மேல் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார். அதே வருடம் மெகபூப்நகர் விபத்துக்குப் பிறகும் அவர் ராஜினாமா கொடுத்தார், நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு ஏற்றார். இதைப் பள்ளிக்கூடத்திலிருந்து கேட்டிருக்கோம். அந்த நேர்மையைக் குறைச்சுச் சொல்லலை. ஆனா அரியலூர்ல ராஜினாமா பண்ணினது யாருன்னு கேட்டா எல்லாருக்கும் தெரியும். பாலம் எப்படிப் போச்சு, அப்புறம் ஆத்துப் பாலங்களை எப்படிக் கண்காணிச்சாங்கன்னு கேட்டா யாருக்கும் தெரியாது. அதையும் ஒரு குறையாத்தான் நான் பார்க்கிறேன்.

நம்ம பக்கத்து உதாரணம் பெருமண். 1988 ஜூலை 8. பெங்களூரிலிருந்து வந்த ஐலண்ட் எக்ஸ்பிரஸ் கொல்லம் பக்கத்தில் அஷ்டமுடிக் காயலில் விழுந்தது. 105 பேர் இறந்தார்கள். குழித்துறை வழியா இன்னைக்கும் ஓடுற வண்டிதான் அது. இது மோதல் விபத்து அல்ல, ஆனாலும் இங்கே சொல்றதுக்குக் காரணம் உண்டு. அன்றைய பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை சூறைக்காற்றுதான் காரணம் என்றது. கொல்லத்துக்காரங்க யாரும் அதை எளிதில் நம்பலை. முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆகியும் அந்தச் சந்தேகம் தீரலை. ‘எப்படி?’ங்கிற கேள்விக்குச் சரியான பதில் வரலைன்னா துக்கம்கூட முடியாது.

மறுபடியும் சித்தேரிக்கு

சித்தேரி விபத்து நடந்த மூன்றாம் நாள், 2011 செப்டம்பர் 16 அன்று, ரயில்வே அமைச்சகம் ஒரு உயர்மட்டப் பாதுகாப்புக் குழுவை அமைத்தது. தலைவர் அணு விஞ்ஞானி அனில் ககோட்கர். அந்த வருடம் ஜூலையில் உத்தரப்பிரதேசத்தில் கால்கா மெயில் தடம் புரண்டு பலர் இறந்திருந்தார்கள். அதைத் தொடர்ந்து சித்தேரி.

2012 பிப்ரவரியில் குழு அறிக்கை கொடுத்தது. சித்தேரி விஷயத்தில் அது சொல்லும் பதில் இதுதான்: டிரைவர் சிவப்பைத் தாண்டினால் ரயில் தானாக நிற்க வேண்டும். ஐரோப்பாவில் இருப்பது போன்ற நவீன சிக்னல் முறையை 19,000 கிலோமீட்டர் முக்கியத் தடங்களில் ஐந்து ஆண்டுகளில் வைக்கச் சொன்னது. செலவு 20,000 கோடி ரூபாய் என்று கணக்கும் கொடுத்தது. சட்ட அதிகாரத்தோடு தனிப் பாதுகாப்பு ஆணையம் வேண்டும் என்றும் சொன்னது.

இது கனவு காணும் யோசனை இல்லை. அந்த மாதிரி ஒரு கருவி சென்னையிலேயே கும்மிடிப்பூண்டி தடத்தில் சுமார் 50 கிலோமீட்டருக்குச் சோதனையாக வைக்கப்பட்டிருந்தது. மும்பை லோக்கல் ரயில்களில் ஒரு பழைய வகை எச்சரிக்கைக் கருவி பல வருடங்களாக இருந்தது. அரக்கோணம்–காட்பாடி தடத்தில் இல்லை.

இந்தக் கருவி இல்லாததன் விலையைச் சென்னை ஏற்கெனவே ஒரு தடவை பார்த்திருந்தது. 2009 ஏப்ரல் 29 விடியற்காலை, சென்னை சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட் வளாகத்தில் நின்ற ஒரு லோக்கல் ரயிலில் டிரைவர் ஏறும் முன்பே அடையாளம் தெரியாத ஒருவர் ஏறி ஓட்டிக்கொண்டு போனார். வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷனில் நின்ற பெட்ரோலிய சரக்கு ரயிலில் அது மோதியது. 4 பேர் இறந்தார்கள். அன்று அந்த ரயிலில் விதி தெரிந்த டிரைவரே இல்லை. டிரைவரை மட்டும் நம்பிக் கட்டின பாதுகாப்பு, அந்தச் சீட்டில் வேறு ஒருவர் உட்கார்ந்தால் ஒன்றுமே இல்லாமல் போகும்.

எச்சரிக்கை வந்தது, படிக்கலை

2023 ஜூன் 2. ஒடிசாவின் பாலசோர் பக்கத்தில் பஹநாகா பஜார். சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு நேர் வழியில் போகப் பச்சை சிக்னல். ஆனால் பாயிண்ட் பக்கத் தடத்துக்குத் திரும்பியிருந்தது. ரயில் அங்கே நின்ற சரக்கு ரயிலில் மோதியது. சிதறிய பெட்டிகள் மேல் பெங்களூரு–ஹவுரா ரயிலும் சிக்கியது. 290 பேருக்கு மேல் இறந்தார்கள்.

டிரைவர் சிக்னலை மதித்தார். சிக்னல்தான் பொய் சொன்னது. கிளாப்பம் ஜங்ஷன் மாதிரியே ஒயர் வேலை. முன்பு ஒரு முறை சிக்னல் சர்க்யூட்டை மாற்றியபோது நேர்ந்த தவறும், லெவல் கிராசிங் கேட்டுக்காகச் செய்த புது வேலையில் நேர்ந்த தவறும் சேர்ந்துகொண்டன என்று பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை சொன்னது.

அதே அறிக்கையில் இன்னும் கனமான ஒரு வரி இருக்கு. 2022 மே 16 அன்று அதே கரக்பூர் கோட்டத்தில் இன்னொரு ஸ்டேஷனில் தவறான ஒயரிங்கால் இதே மாதிரி ஒரு சம்பவம் நடந்திருந்தது. அதற்குப் பிறகு சரிசெய்திருந்தால் பாலசோர் நடந்திருக்காது என்று அறிக்கை சொல்கிறது. 2023 பிப்ரவரி 8 அன்று கர்நாடகாவில் ஹொசதுர்கா ரோடு ஸ்டேஷனில் சம்பர்க் கிராந்தி எக்ஸ்பிரஸும் இப்படித்தான் தவறான தடத்துக்குள் போகப் பார்த்தது. டிரைவர் கவனித்து நிறுத்தியதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தென்மேற்கு ரயில்வேயின் ஒரு மூத்த அதிகாரி, சிக்னல் முறையில் பெரிய ஓட்டை இருக்கிறது என்று எழுத்தில் எச்சரித்தார். நாலு மாசம் கழிச்சுப் பாலசோர்.

யாரும் சாகாத விபத்துதான் சிஸ்டம் நமக்கு இலவசமாக் கொடுக்கிற பாடம். அதைப் படிக்காம விட்டா அடுத்த தடவை காசு வாங்கிட்டுத்தான் சொல்லிக்கொடுக்கும்.

ஏழு ரயிலில் ஆறு

கடைசியா ஒரு சம்பவம். இந்த எபிசோடே இதுக்காகத்தான்.

2024 ஜூன் 17. மேற்கு வங்காளத்தில் நியூ ஜல்பைகுரி பக்கத்தில் ரங்காபாணி. நின்ற கஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸின் பின்னால் ஒரு சரக்கு ரயில் மோதியது. குறைந்தது 10 பேர் இறந்தார்கள், சரக்கு ரயிலின் டிரைவரும் அதில் ஒருவர். அன்றைக்கே ரயில்வே தரப்பில் பதில் வந்துவிட்டது: சரக்கு ரயில் டிரைவர் சிக்னலை மதிக்கவில்லை. அப்போது அவரால் பதில் சொல்ல முடியாது.

அதுக்கப்புறம் பாதுகாப்பு ஆணையர் விசாரிச்சார். அன்னைக்குக் காலையிலிருந்தே அந்தப் பகுதியில் தானியங்கி சிக்னல்கள் பழுது. சிவப்பைத் தாண்டிப் போகலாம் என்று எல்லா ரயில்களுக்கும் ஒரு அனுமதிச் சீட்டு கொடுத்தார்கள். எந்த வேகத்தில் போக வேண்டும் என்று அதில் எழுதவில்லை. ஒவ்வொரு பழுதான சிக்னலிலும் ஒரு நிமிடம் நின்று, பிறகு மணிக்கு 15 கிலோமீட்டருக்கு மேல் போகாமல் ஊர்ந்து போக வேண்டும் என்பது விதி. சிக்னல் பழுதான பிறகு அந்தப் பகுதிக்குள் வந்தவை ஏழு ரயில்கள். அதில் விதிப்படி போனது ஒரே ஒரு ரயில், கஞ்சன்ஜங்கா. அதாவது, அடி வாங்கின ரயில்.

ஏழு பேருக்குக் கொடுத்த ஒரு உத்தரவை ஆறு பேர் ஒரே மாதிரி தப்பாப் புரிஞ்சுக்கிட்டா, தப்பு ஆறு பேர்கிட்டயா, உத்தரவுகிட்டயா? எங்க ஆபீஸ்ல ஒரு பட்டனை ஏழு பேர்ல ஆறு பேர் தப்பா அமுக்கினா நாங்க டிசைனரைக் கூப்பிடுவோம். நடக்கக் காத்திருந்த விபத்து என்று ஆணையர் அறிக்கையிலேயே எழுதினார். டிரைவர்களுக்கும் ஸ்டேஷன் மாஸ்டர்களுக்கும் போதுமான பயிற்சி இல்லாததையும் சுட்டிக்காட்டினார்.

அன்றைக்கு அந்தத் தடத்தில் ‘கவச்’ இல்லை. கவச் என்பது நம்ம நாட்டிலேயே உருவான தானியங்கிப் பாதுகாப்பு முறை. தண்டவாளத்தில் பதித்த சிறு அட்டைகளைப் படித்து, ரேடியோ மூலம் சிக்னல் தகவலை வாங்கி, டிரைவர் பிரேக் போடாவிட்டால் தானே போடும். 2022 மார்ச்சில் செகந்திராபாத் பக்கத்தில் ரயில்வே அமைச்சரே இன்ஜினில் ஏறிச் சோதித்துக் காட்டினார். எதிர் ரயிலுக்கு 380 மீட்டர் முன்னால் வண்டி தானாக நின்றது. கருவி வேலை செய்யுது, சந்தேகமில்லை.

ஆனா கணக்கைப் பாருங்க. ககோட்கர் குழு 2012ல் கேட்டது ஐந்து ஆண்டில் 19,000 கிலோமீட்டர். 2024ல், ரங்காபாணி நடந்த நேரத்தில், கவச் ஓடிய தூரம் ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர். ஆர்மா விபத்துக்கு முன்னாடி கம்பெனிகள் பிரேக்கைத் தள்ளிப்போட்ட மாதிரி, நாமளும் தெரிஞ்ச தீர்வைத் தள்ளிப்போட்டோம்.

கவச் வந்தா எல்லாம் சரியாயிடும்னும் நான் சொல்லமாட்டேன். கவச் தகவலை வாங்குறது சிக்னல் அமைப்புகிட்டத்தான். பாலசோர் மாதிரி அந்த ஒயரிங்கே தப்பா இருந்தா, கவச்சுக்கும் தப்பான தகவல்தான் போகும். இன்னொண்ணு, ககோட்கர் குழு கணக்குப்படி வருஷத்துக்குச் சுமார் 15,000 பேர் தண்டவாளத்தைக் கடக்கும்போது சாகிறாங்க. எந்த நாகரிகச் சமூகமும் இதை ஏத்துக்க முடியாதுன்னு அந்தக் குழு கடுமையா எழுதிச்சு. அந்தச் சாவுக்கு மருந்து கவச் இல்லை. ஆள் நடக்க ஒரு பாலம், ஒரு சுரங்கப்பாதை. ஆனா அங்கேயும் நாம சொல்ற முதல் வார்த்தை என்ன? ‘அவன் ஏன் அங்க கடந்தான்?’

நாம என்ன கேக்கலாம்?

டிரைவர்கள் மேல தப்பே இருக்காதுன்னு நான் வாதாடலை. கவனக்குறைவு நடக்கும், தண்டனையும் சில நேரம் நியாயமா இருக்கும். ஆனா கவனக்குறைவு மனுஷனுக்கு இயல்பு. பல இன்ஜின்கள்ல கழிப்பறைகூட இல்லாம, ராத்திரி முழுக்கக் கண் விழிச்சு, நிமிஷத்துக்கு ஒரு சிக்னலைப் பார்த்துக்கிட்டுப் போற ஒரு மனுஷன் வருஷக்கணக்கா ஒரு தடவைகூடத் தப்பக்கூடாதுன்னு எதிர்பார்த்து ஒரு சிஸ்டத்தைக் கட்டினா, அது பாதுகாப்பு இல்லை, வேண்டுதல்.

பிரிட்டனில் 1999ல் லேட்புரோக் குரோவ் என்ற இடத்தில் சிவப்பைத் தாண்டிய ஒரு ரயிலால் 31 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு ரயில் விபத்துகளை விசாரிக்க மட்டும் ஒரு தனி அமைப்பை உருவாக்கினார்கள், 2005லிருந்து அது இயங்குகிறது. யார் மேல் குற்றம் என்று தீர்மானிப்பது அதன் வேலையே அல்ல. அறிக்கை முழுவதும் பொதுவெளியில் வரும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். நம்ம ஊர்ல ஆணையரின் அறிக்கைகள் பெரும்பாலும் முழுசா மக்கள் கைக்கு வர்றதில்லை. நாடாளுமன்றத்துல ஒரு பத்தி பதில், இல்லைன்னா ஒரு நிருபர் கையில கிடைச்ச பிரதி, அப்படித்தான் வருது.

அதனால என் கோரிக்கை சின்னது. அடுத்த விபத்து நடக்கும், நடக்கக் கூடாதுன்னு நினைச்சாலும். அன்னைக்கு டிவியில ‘மனிதத் தவறு’ன்னு ஓடும்போது, அங்கே விசாரணை முடியலை, அங்கேதான் ஆரம்பிக்குதுன்னு ஞாபகம் வச்சுக்கோங்க. உங்க எம்.பி.கிட்டயோ, ரயில் பயணிகள் சங்கத்துலயோ மூணு கேள்வி கேளுங்க. அந்த ஆள் தப்பினா தடுக்க ரெண்டாவது பூட்டு ஏன் இல்லை? இதுக்கு முன்னாடி இதே மாதிரி யாரும் சாகாம ஒண்ணு நடந்துச்சா? அறிக்கையை எப்போ வெளியிடுவீங்க?

நம்ம குழித்துறைத் தடத்துக்கும் இதையே கேக்கலாம். இரட்டைப் பாதை முடிஞ்சா கிராசிங் தொல்லை போகும், சந்தோஷம். ஆனா ஒரே திசையில ஒண்ணு பின்னாடி ஒண்ணா ரயில்கள் நெருக்கமா ஓடும். சித்தேரியிலயும் ரங்காபாணியிலயும் நடந்தது பின்பக்க மோதல். பாதை ரெண்டாகும்போதே கவச்சும் சேர்ந்து வருமான்னு இப்பவே கேட்டு வைக்கிறது நல்லது.

உங்க வீட்டுல ரயில்வேயில வேலை பார்த்த பெரியவங்க இருந்தா, அந்தப் பிரம்பு வளையத்தைப் பத்திக் கேட்டு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.